பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைக்கு வாதாடச் சொல்லித் தருவது எப்படி?

கேட்டவர் எழுதியிருப்பது இது: எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குகிறாள். ஆனால் அதே தலைப்பில் யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் வாயடைத்து நின்றுவிடுகிறாள். ஓர் உரையை அலசிப் பார்க்கவும், சொந்தமாக ஒரு வாதத்தைக் கட்டவும் அவளை எப்படிப் பழக்குவது?

நான் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகள். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன், அதனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை பிள்ளையிடம் இல்லை. நாம் பழக்கும் முறையே அப்படித்தான் இருக்கிறது. ஆசிரியரோ பெற்றோரோ இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்போம், பிள்ளை மனப்பாடம் செய்யும், எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எங்கே கையை உயர்த்த வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுப்போம். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஒருமுறை ஞெகிழி (பிளாஸ்டிக்) ஒழிப்பு பற்றிப் பேசி முடித்த ஒரு பெண்ணிடம் நடுவர் அன்பாகத்தான் கேட்டார்: "துணிப்பை விலை கூடுதலாச்சேம்மா, தினக்கூலிக்குப் போறவங்க என்ன பண்ணுவாங்க?" அவள் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த உரையை எழுதியது நான். அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண் கலங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது முதல் இரண்டு மாதம் உரை எழுதவே விடுவதில்லை. பிறர் பேசியதைப் பிரித்துப் பார்ப்பது மட்டும்தான் வேலை. எப்போதும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில்தான் தொடங்குவேன். பிள்ளைகளுக்குக் கதை தெரியும், காட்சி சின்னது, வாதாடுகிறவர்கள் இரண்டே பேர். கேட்பவரின் மனம் ஒரே இடத்தில், நம் கண்ணெதிரே திரும்புகிறது. பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணகியின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "தேரா மன்னா, செப்புவது உடையேன்." கணவனைப் பறிகொடுத்து வந்தவள் கொடியவனே, பாவியே என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் தேர்ந்தெடுத்த சொல் 'தேரா', அதாவது ஆராய்ந்து பார்க்காத. எதை நிரூபிக்கப் போகிறாளோ அதை மட்டும் குற்றமாகச் சொல்கிறாள். அடுத்து, புறாவின் துயர் தீர்த்தவனும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். பறவைக்கும் பசுவுக்கும் நீதி கிடைத்த ஊர்! அரசனை எந்த அளவுகோலால் அளக்கப் போகிறாள் என்பதை அவன் முன்னாலேயே வைத்துவிட்டாள். தன் பெயரைச் சொல்வது கடைசியில்தான்.

பாண்டியன் பதில் சொல்கிறான்: "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று." இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, "இது சரியா, தப்பா?" என்று கேட்பேன். பெரும்பாலும் "தப்பு" என்று கத்துவார்கள். அப்புறம் மெதுவாக ஒரு குரல் வரும்: "சார், அந்தக் காலத்து நியாயப்படி சரிதானே?" அதுதான் விஷயம். கண்ணகி அந்த நியாயத்தோடு மோதவே இல்லை. கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கோவலன் கள்வனா என்பது ஒன்றுதான் அவளுடைய வழக்கு. நாம் சண்டை போடும்போது விதியைப் பற்றிப் பேசுகிறோமா, நடந்ததைப் பற்றிப் பேசுகிறோமா என்று தெரியாமலே பேசுகிறோம். வீட்டுச் சண்டைகள் பாதிக்கு மேல் இப்படித்தான் நீள்கின்றன.

"என் காற்பொற்சிலம்பு மணியுடை அரியே" என்கிறாள் அவள். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல், அதாவது உள்ளே உருண்டு ஒலிக்கும் மணி. அரசன் "நல்லது சொன்னாய்" என்று ஒப்புக்கொண்டு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான். அதற்குப் பிறகுதான் கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பு கொண்டுவரப்படுகிறது. இந்த வரிசையை ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கவனித்தான். "சார், ரெண்டு பேரும் உள்ளே என்ன இருக்குன்னு உடைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. உடைச்சப்புறம் ராஜா பேச்சை மாத்த முடியாது." அந்தப் பையன் அதுவரை என் வகுப்பில் வாயே திறந்ததில்லை. எதைப் பார்த்தால் யார் சொன்னது உண்மை என்று தெரியும் என்பதில் இருவரும் முதலில் உடன்படுகிறார்கள், பிறகுதான் சோதனை. சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, "யானோ அரசன், யானே கள்வன்" என்று அவனே தீர்ப்புச் சொல்கிறான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டேனே என்கிறான். 'தேரா' என்ற முதல் சொல்லுக்கு அவன் வாயாலேயே ஒப்புதல் வந்துவிட்டது.

இந்தப் பாடத்துக்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. யாராவது சும்மா அடுக்குமொழி பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள்: "பரல் எங்கே?" உடைத்துக் காட்ட உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுத்த சொல் இல்லை, அவர்களாகப் பிடித்துக்கொண்டது. பத்துப் பக்கக் குறிப்பு செய்யாத வேலையை அது செய்கிறது.

ஆனால் நல்ல உரையை மட்டும் காட்டினால் போதாது. கெட்ட நோக்கத்தோடு திறமையாகப் பேசியதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கம்பனின் கூனியை வைத்துக்கொள்கிறேன். இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலை பரிசளிக்கிறாள். கூனி அதைத் தரையில் வீசுகிறாள். பரதனுக்கு அநியாயம் நடக்கிறது என்று வாதிடுகிறாள். கைகேயி மசியவில்லை. மூத்தவனுக்கு அரசு என்பது குலமரபு என்று தெளிவாகப் பதில் சொல்லி, நீ எனக்கும் நல்லவள் இல்லை, என் மகனுக்கும் நல்லவள் இல்லை என்று திட்டிவிடுகிறாள். நியாயம் என்ற வழி அடைபட்டதும் கூனி அதை அப்படியே விட்டுவிட்டுப் பயத்துக்குத் தாவுகிறாள். இனிமேல் உன்னிடம் கையேந்தி வருபவர்களுக்கு என்ன கொடுப்பாய்? கோசலையிடம் போய்க் கேட்பாயா, வெட்கி நிற்பாயா? சீதையின் தந்தையால் உன் தந்தைக்கு ஆபத்து வராதா?

எல்லாமே இனி நடக்கப்போவதாகச் சொல்லப்படுபவை. ஒன்றைக்கூட அந்த இடத்தில் உடைத்துப் பார்க்க முடியாது. அவள் காட்டும் ஒவ்வொரு வழியும் அவமானத்தில் முடிகிறது, வேறு வழி ஒன்று இருக்கலாம் என்று நினைக்கக்கூட இடம் விடுவதில்லை. கண்ணகியும் கேட்பவரின் மனத்தை மாற்றினாள், கூனியும் மாற்றினாள். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனம் திரும்பிய இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே இருப்பது பரலா பயமா என்று எழுதச் சொல்வேன். என்னைப் பொறுத்தவரை உரையை ஆராய்வது என்பது இந்த ஒரு வேலைதான். உவமை, அடுக்கு, மோனை எல்லாம் அதற்கு அப்புறம். தொலைக்காட்சி விவாதமோ விளம்பரமோ எதைக் கொடுத்தாலும் இதே கேள்வியால் பிரித்துவிடுவார்கள்.

உணர்ச்சியே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். வாயிற்காவலன் கண்ணகி வந்த கோலத்தைப் பார்த்து நடுங்கித்தான் அரசனிடம் ஓடுகிறான். அந்தத் துயரம்தான் அவளுக்குச் சபையைத் திறந்துவிட்டது. ஆனால் அவன் சொல்லும் விவரத்திலேயே "சிலம்பு ஒன்று ஏந்திய கையள்" என்றும் வருகிறது. அழுதுகொண்டு வந்தவள் சான்றையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

சரி, இனி வாதத்தைக் கட்டுவது. இதற்கும் தமிழுக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு வாத முறையைச் சொல்லித் தருகிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இதற்கு மேலும் உபநயம், நிகமனம் என்று இரண்டு உண்டு, அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றே போதும். சொல்ல வருவது, அதற்குக் காரணம், எல்லாருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று தவறான வாதங்களையும் அந்தக் காதை வகை பிரிக்கிறது. 'போலி' என்ற சொல் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப் போகும்.

பயிற்சி எளிது. ஒரு நிமிடம், மூன்று வாக்கியம். "கைப்பேசி மாணவர்களைக் கெடுக்கிறது" என்று நிறுத்தினால் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, உட்காரச் சொல்லிவிடுவேன். "ஏன்னா ராத்திரி தூக்கம் போகுது, எங்க அண்ணன் பரீட்சை அன்னைக்குத் தூங்கி வழிஞ்சான்" என்றால் மூன்றும் வந்துவிட்டது. அண்ணன் ஒருவனை வைத்து எல்லாரையும் பற்றிச் சொல்லலாமா என்று அடுத்த பெஞ்சிலிருந்து கேள்வி வரும். வரட்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

அப்புறம், தலைப்பு அவர்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும், கேட்பவர் நிஜமான ஓர் ஆளாக இருக்க வேண்டும். போன வருடம் மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்துவைக்கக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். முதல் வரைவு "நூலகம் அறிவின் திறவுகோல்" என்று தொடங்கியது. ஒரு பெண் படித்துவிட்டு, "இது ஹெட்மாஸ்டருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். அவருக்கு என்ன தெரியாது, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். புத்தகம் வழங்கும் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்கள். மூன்று மாதத்தில் எங்கள் வகுப்பு எடுத்தது வெறும் 11 புத்தகம். நூலகப் பாடவேளை வாரத்துக்கு ஒன்று, அதிலும் பாதி நாள் வேறு பாடம் நடந்துவிடுகிறது. இது அவருக்குத் தெரியாத செய்தி. அவருடைய பயம், புத்தகம் காணாமல் போகும் என்பது. அதையும் கடிதத்திலேயே எழுதினார்கள்: புத்தகத்தை வெளியே எடுத்துப் போக மாட்டோம், அங்கேயே உட்கார்ந்து படிப்போம், தினம் இரண்டு பேர் பொறுப்பு, ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அலங்காரமே இல்லாத ஒரு பக்கக் கடிதம். செவ்வாயும் வியாழனும் திறக்க அனுமதி கிடைத்தது. ஐந்து நாள் கேட்டார்கள், இரண்டு நாள் கிடைத்தது. அதற்கே அவர்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே!

எதிராளியின் கேள்வியை நாமே முதலில் எடுத்து வைப்பதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டம். நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இதற்கு அண்ணா 1962 மே மாதம் மாநிலங்களவையில் பேசிய முதல் உரையைச் சொல்வேன். திராவிடன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என்றவர், அடுத்த மூச்சிலேயே, அதனால் நான் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ எதிரானவன் என்று பொருள் இல்லை என்கிறார். சபையில் இருப்பவர்கள் மனத்துக்குள் எழுந்திருக்கும் கேள்வியை அவர்கள் கேட்கும் முன்னே எடுத்துப் பதில் சொல்லிவிட்டார். அவர் அரசியலோடு உடன்படுகிறவர்களும் படாதவர்களும் அந்த இரண்டு வாக்கியத்தின் வேலைப்பாட்டைப் பார்க்கலாம். நம் சொல்லை வெல்லும் இன்னொரு சொல் இல்லை என்று அறிந்து சொல் என்கிறது குறள். அப்படியானால் அந்த இன்னொரு சொல் எது என்று முதலில் தேடிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

வீட்டில் செய்வதானால் பக்கங்களை மாற்றிப் பேசச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஒரு கட்சி, அடுத்த ஐந்து நிமிடம் எதிர்க்கட்சி. கோபம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டிமண்டபம் ஏறுவோருக்கு மணிமேகலை சொல்லும் விழாக்கால அறிவிப்பிலேயே அது இருக்கிறது, பகைவரோடு ஆனாலும் செற்றமும் கலாமும், அதாவது கோபமும் சண்டையும், செய்யாதீர்கள் என்று. எங்கள் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் அந்த வரி வருடம் முழுக்க அழியாமல் இருக்கும்.

உங்கள் மகளுக்கு எங்கே தொடங்குவது என்றால், அவள் கடைசியாகப் பரிசு வாங்கிய உரையையே எடுங்கள். புதிதாக எதுவும் வேண்டாம். ஒரு பென்சிலைக் கொடுத்து, காரணம் சொல்லும் வரிகளுக்கு அடியில் மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தில் இரண்டு கோடு விழுந்தாலும் பரவாயில்லை, திட்டாதீர்கள். அந்த இரண்டு வரியில் ஒன்றை எடுத்து, "இதை நம்பாத ஒருத்தர் என்ன கேட்பார்?" என்று கேளுங்கள். அவள் யோசிக்கும்வரை காத்திருங்கள், பதிலை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அந்தக் காத்திருப்புதான் கடைசியாகப் பழகியது.