பொறியியல் படிப்புக்கு முன் மூன்று மாதம்: ஒரு கோப்பை கோப்பியில் தொடங்கலாம்

கேள்வி: தேசிய சேவை முடிந்துவிட்டது. ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் தொடங்குகிறேன். பைத்தான், மாட்லாப், சிமுலிங்க், சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் என்று சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை முதலில் படிப்பது? காசு கட்டி வகுப்பில் சேர வேண்டுமா?

பதில்: பைத்தான் என்ற நிரல் மொழியில் தொடங்குங்கள். இலவசம், அதில் பழகிய கைக்குப் பொறியியல் கணக்குகளுக்கான மாட்லாப் சீக்கிரம் வந்துவிடும். வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம். ஐந்து மென்பொருளையும் மேலோட்டமாகத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தாளில் விடை காணக்கூடிய ஒரு சிறு கணக்கை எடுத்து, அதையே நிரலிலும், பிளாக்குகளை (கட்டங்களை) இணைத்துக் கணக்குப் போடும் சிமுலிங்கிலும் போட்டு, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விடை தெரியாத கணக்கோடு ஆரம்பித்தால், கணினி சொல்வது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வழியே இருக்காது.

அந்தச் சிறு கணக்கு இதுவாக இருக்கட்டும்: கோப்பிக் கடையில் வாங்கிய கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) 85 டிகிரி, சுற்றிலும் காற்று 30 டிகிரி. கோப்பி ஆறிப்போகும் வேகம் இந்த வித்தியாசத்துக்கு நேர்விகிதம். இது நியூட்டனின் குளிர்தல் விதி. கால மாறிலி (வித்தியாசம் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) 25 நிமிடம், அதாவது 1500 விநாடி என்று வைத்துக்கொள்வோம். தாளில் போட்டால், 10 நிமிடம் கழித்து 66.9 டிகிரி.

நிரலில் இதற்கு, நேரத்தைச் சிறு படிகளாக வெட்டிக் கணக்கிடும் ஆய்லர் முறை போதும். வித்தியாசத்தை 1500ஆல் வகுத்து, படியின் நீளத்தால் பெருக்கி, வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். ஒரு லூப்பில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஏழெட்டு வரிதான். 600 விநாடியை ஒரே தாவலாகத் தாண்டினால் 63 டிகிரி வரும். 300 விநாடிப் படியில் 65.2, 60 விநாடிப் படியில் 66.6. படி சிறுக்கச் சிறுக்க விடை 66.9ஐ நெருங்குவதை நீங்களே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, வேண்டுமென்றே கெடுங்கள். கால மாறிலியை நிமிடக் கணக்கில் 25 என்றும், படியை விநாடிக் கணக்கில் 60 என்றும் கொடுங்கள். 85 டிகிரிக் கோப்பி அடுத்த படியிலேயே மைனஸ் 47க்குப் போகும், அதற்கடுத்து 137.8க்கு எகிறும். பிழைச் செய்தி எதுவும் வராது. படி, கால மாறிலியின் இருமடங்கைத் தாண்டினால் இந்த முறை நிலைகுலைந்துவிடும். இங்கே 60, 50ஐத் தாண்டிவிட்டது. முதலாண்டு மாணவர்களின் வினோதமான வரைபடங்களைப் பார்த்தால், முதலில் அலகுகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பைத்தானில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. அடுக்குக்கு ** போட வேண்டும். 2^3 என்று எழுதினால் 8 வராது, 1 வரும். நம்பை (NumPy, பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பு) வரிசையை முழு எண்களால் மட்டும் தொடங்கினால், பிறகு அதில் சேமிக்கும் 82.8 சத்தமில்லாமல் 82 ஆகிவிடும். 85.0 என்று எழுதினால் தீர்ந்தது.

சிமுலிங்கில் இதே கோப்பிக்கு இன்டக்ரேட்டர், கெயின், சம், கான்ஸ்டன்ட் ஆகிய நான்கு பிளாக்குகளும் விடையைப் பார்க்க ஒரு ஸ்கோப்பும் போதும். இன்டக்ரேட்டரின் தொடக்க மதிப்பு 0 என்றே இருக்கும், அதை 85 ஆக்குங்கள். ஓடும் நேரமும் 10 விநாடி என்றே இருக்கும். அதை 600 ஆக்காவிட்டால் கோப்பி 84.6 டிகிரியோடு நின்று, ஸ்கோப்பில் ஏறக்குறைய மாற்றமே தெரியாது. மாட்லாப் உரிமம் பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை இலவசமான ஆக்டேவில் மாட்லாப் நிரல் எழுதிப் பழகலாம், ஆனால் சிமுலிங்க் அதில் ஓடாது.

விசை பட்டால் பொருள் எப்படி வளையும் என்று கணிக்கும் ஆன்சிஸை இப்போது தொடாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொருள் வலிமையியல் படித்தவர் என்றால் மட்டும் இதைப் போட்டுப் பாருங்கள்: 500 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமனுள்ள எஃகுப் பட்டை. ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் தடிமன் திசையில் 100 நியூட்டன் விசை. மீள்மை எண் 200 கிகாபாஸ்கல் என்றால், தாள் கணக்கில் நுனி 12.5 மி.மீ. தாழும். திரையில் அதைவிட நன்றாகக் குறைந்தால், மெஷ் (கணினி பட்டையைப் பிரிக்கும் சிறு துண்டுகளின் வலை) பெரும்பாலும் போதிய நுணுக்கமில்லாமல் இருக்கும். எளிய நான்முகி எலிமெண்டுகள் (அந்தத் துண்டுகள்) பட்டையை நிஜத்தைவிட விறைப்பாகக் காட்டும். இறுக்கிய முனையில் தாள் கணக்குத் தகைவு (ஒரு பரப்பலகில் உள்ள விசை) 150 மெகாபாஸ்கல். ஆனால் அங்கே மெஷ்ஷை நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போகும், அதை நம்பாதீர்கள். முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளிப் படியுங்கள். அங்கே 135 வர வேண்டும்.

மடிக்கணினி இன்னும் வாங்கவில்லை என்றால் விண்டோஸ் வாங்குங்கள். முப்பரிமாண வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸுக்கு மேக் பதிப்பு கிடையாது.