யூனிக் ஏன் இரட்டைப் பெயர்களை விட்டுவைத்தது?

அன்புள்ள சார்,

மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கிளைகளின் வாடிக்கையாளர் பட்டியல்களை ஒன்றாக்க, உங்கள் பேச்சை நம்பி, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் (WSL) போட்டேன். இரட்டை வரிகளை நீக்கும் என்று இணையத்தில் கிடைத்த யூனிக் (uniq) கட்டளையை ஓட்டினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இதே கட்டளைகளை விண்டோஸில் தரும் இன்னொரு மென்பொருளான சிக்வின் போட்டிருக்க வேண்டுமோ? இந்த வயதில் இதெல்லாம் தேவையா, எக்செல் போதாதா?

எம்.

அன்புள்ள எம்.,

வயதை விடுங்கள். சிக்வினா டபிள்யூஎஸ்எல்லா என்பதையும் விடுங்கள், யூனிக் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். எனக்குக் கோபம் வந்தது "இணையத்தில் கிடைத்த கட்டளை" என்ற இடத்தில். ஊரார் கணக்கை ஒரு வரிகூடச் சரிபார்க்காமல் பேரேட்டில் ஏற்றுவீர்களா? இதை மட்டும் எப்படி அப்படியே ஒட்டினீர்கள்?

யூனிக் முழுப் பட்டியலையும் பார்ப்பதே இல்லை. முந்தைய வரி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரியோடு ஒப்பிடும், ஒன்றாக இருந்தால் இரண்டாவதை நீக்கிவிடும், அவ்வளவுதான். முருகேசன், செல்வி, மறுபடி முருகேசன் என்று வந்தால் மூன்றையும் அப்படியே தரும். ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வரும்படி அடுக்கித் தருவது சார்ட் (sort) என்ற கருவியின் வேலை. முதலில் சார்ட், அப்புறம் அதன் விடையை அடுத்த கருவிக்குக் கடத்தும் பைப் (|), அப்புறம் யூனிக்.

ஒரு கருவி ஒரு வேலையைச் செய்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்துக் கருவியிடம் விட்டுவிடுவது சோம்பல் அல்ல, இந்தக் கருவிகள் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் உயிரே அதுதான். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964-லேயே, தோட்டத்து ஹோஸைத் திருகி மாட்டுவதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று எழுதிவைத்தார். 1973-ல் கென் தாம்ஸன் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தார். உங்கள் கணினியில் பைப் என்று போடும் அந்த நெட்டுக்குத்துக் கோடு அதுதான்.

என் முதல் வேலையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். விண்டோஸ் கணினியில் சிக்வினைத் திறந்து வைத்து, முதல் கட்டளையின் விடையில் என்ன இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லும்வரை பைப் போட விடமாட்டார். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒருநாள் அடுக்கிய பிறகும் ஒரே பெயர் இரண்டு முறை வந்தபோது, அவர்தான் 'ஓடி' (od) என்ற கருவியில் அந்த இரண்டு வரிகளையும் எழுத்தெழுத்தாகக் காட்டினார். ஒன்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து. விண்டோஸ் வரி முடிவில் இரண்டு குறிகளைப் போடும், யூனிக்ஸ் ஒன்றுதான் போடும். விண்டோஸ் கூடுதலாகப் போடும் அந்த ஒரு குறியால் ஒரே பெயர் இரண்டாகிவிடுகிறது. உங்கள் கிளைகளில் ஒன்று விண்டோஸ் நோட்பேடிலும் இன்னொன்று வேறு மென்பொருளிலும் கோப்பைச் சேமித்திருந்தால் உங்களுக்கும் இது வரும், அதனால் சார்ட்டுக்கு முன்னாலேயே டிஆர் (tr) என்ற கருவியால் அந்தக் கூடுதல் குறியை நீக்கிவிடுங்கள். எக்செல் இதைச் சொல்லிக்கொடுக்காது.

கோபத்தில் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று பார்க்க வேண்டாம், வேலைக்கு நடுவில் உட்கார்ந்து இதை ஓட்டிப் பார்த்தீர்களே, அது எனக்குச் சந்தோஷம். இன்று இரவு மேன் யூனிக் (man uniq) என்று அடியுங்கள், யூனிக்கின் கையேடு திறக்கும். அடுத்தடுத்த வரிகளாக இருந்தால்தான் கண்டுபிடிப்பேன், முதலில் அடுக்கிக்கொள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பைப்புக்கும் முன்னால் முதல் பத்து வரியை மட்டும் ஹெட் (head) என்ற கருவியை வைத்துப் பாருங்கள், அப்படியும் ஒரு பெயர் இரட்டையாக நின்றால் அந்த இரண்டு வரிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.