ஒரு மாட்டுக்கு மட்டும் உண்ணி எடுத்தால்?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாலு கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில், பழைய விண்டோஸ் எக்ஸ்பி. ஒரு மாதமாக மைக்ரோசாஃப்ட் தளமும் ஆன்டிவைரஸ் தளங்களும் மட்டும் திறப்பதில்லை. வாடிக்கையாளர் பென் டிரைவில், செருகினதும் தானே ஓடும் ஆட்டோரன் ஃபைல் ஒன்று ஏறிக்கொள்கிறது. ஒவ்வொன்றாக இரண்டு தடவை ஃபார்மட் போட்டாயிற்று. சாயங்காலமே திரும்பி வந்துவிடுகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?

பதில்: மெஷினில் கோளாறு இல்லை தம்பி. அடையாளமெல்லாம் கான்ஃபிக்கர் என்ற கம்ப்யூட்டர் புழுவுக்கு, அதாவது தானே பரவும் வைரஸுக்குப் பொருந்துகிறது. 2008 நவம்பரில் கிளம்பியது, இன்னும் சாகவில்லை. அது பரவ யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் ஒயர் இருந்தால் போதும், தானே அடுத்த மெஷினுக்குப் போய்விடும்.

ஒன்றுக்கு ஃபார்மட் போட்டபோது மற்ற மூன்றும் ஸ்விட்சில்தானே இருந்தன? ஒரு மாட்டுக்கு உண்ணி எடுத்து, அதே கொட்டகையில் கட்டின கதைதான்.

எனக்கும் இது நடந்தது. 2009இல் தருமபுரியில் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். ஓர் அலுவலகத்தில் பதினோரு மெஷினுக்கு மூன்று நாள் ஃபார்மட் போட்டேன். நாலாம் நாள் காலையில் எல்லாவற்றிலும் மறுபடி புழு. தேடினால், பீரோவுக்குப் பின்னால் யார் கணக்கிலும் வராத ஒரு பழைய கம்ப்யூட்டர் ஒயரோடு ஓடிக்கொண்டிருக்கிறது! அதற்குள் என் பென் டிரைவில் ஏறி என் கடைக்கும் வந்துவிட்டது. கூலி கேட்கவே கூச்சம், பாதிதான் வாங்கினேன்.

அதனால் முதலில் நாலு ஒயரையும் பிடுங்குங்கள், மோடத்தையும் அணையுங்கள். மருந்தை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கி சிடியில் எழுதுங்கள். பென் டிரைவ் வேண்டாம், செருகினதும் அதிலும் ஏறும். எழுதி மூடிய சிடியில் அதன் பாச்சா பலிக்காது. சிடியில் கான்ஃபிக்கரை நீக்கும் கருவி வேண்டும். காஸ்பர்ஸ்கை என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி இதற்கென்றே ஒன்றை இலவசமாக விட்டது. கூடவே மைக்ரோசாஃப்டின் இரண்டு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தங்கள்: புழு நுழையும் ஓட்டையை அடைக்க 2008 அக்டோபரில் வந்த கேபி958644, ஆட்டோரனை அடக்கும் கேபி971029. இவை ஏற எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் என்ற பெரிய திருத்தத் தொகுப்பு 2 அல்லது 3 இருக்க வேண்டும்.

கருவியை ஓட்டி, பேட்ச் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, கருவியை இன்னொரு முறை ஓட்டுங்கள். ஷெட்யூல்டு டாஸ்க்ஸில் (தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) ஏட்1, ஏட்2 (At1, At2) என்று நீங்கள் வைக்காத வேலைகள் இருந்தால் அழித்துவிடுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின், 1234 மாதிரி சுலபமானவை ஒரு பட்டியலாகவே புழுவிடம் இருக்கின்றன. பேட்ச் போட்ட மெஷினுக்குள்ளும் அந்த வழியாக நுழையும். இதை யாரும் மாற்றுவதில்லை, அதுதான் எரிச்சல்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கைகழுவிவிட்டது. பிரின்ட் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலை அதில் வேண்டாம்.

நாலும் முடிந்த பிறகே ஒயரைச் செருகுங்கள். அதற்கு முன் உங்கள் கடை பீரோவுக்குப் பின்னாலும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.