வெறும் நாரின் படம் எங்கே?

அன்புள்ள ஐயா,
வாழைநாரை அசெட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அசெட்டைலேற்றம் செய்கிறேன், அதாவது நாரின் ஹைட்ராக்சில் தொகுதிகளில் அசெட்டைல் தொகுதியை ஏற்றி எஸ்டராக்குகிறேன். அகச்சிவப்பு நிறமாலையில் 1738 செ.மீ⁻¹-இல் எஸ்டருக்குரிய பீக் (உச்சி) வந்துவிட்டது, படத்தை இணைத்திருக்கிறேன். எஸ்டர் உருவானதற்கு இது போதுமா, என்எம்ஆரும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையும்) எடுக்க வேண்டுமா? நிறமாலையின் கோட்டைச் சீராக்க எந்த மென்பொருள் நல்லது?
ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மென்பொருளை விடுங்கள். கோட்டை ரொம்ப வழவழப்பாக்கினால் சின்ன பீக்குகள்தான் முதலில் காணாமல் போகும்.

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஓர் ஆய்வேட்டைப் படித்து மனம் கசந்திருந்தேன். மாற்றிய பொருளின் படம் இருக்கிறது, மாற்றாததன் படம் இல்லை. நீங்களும் ஒரே ஒரு படத்தை அனுப்பியிருக்கிறீர்கள். வெறும் நாரின் படம் எங்கே அம்மா?

வெறும் வாழைநாரைக் கருவியில் வைத்துப் பாருங்கள். 1735 பக்கத்தில் ஒரு மேடு அங்கேயே இருக்கும். நாரில் செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸில் வாழையே அசெட்டைல் தொகுதிகளை ஒட்டி வைத்திருக்கிறது. பெக்டினிலும் எஸ்டர் உண்டு. வாழை செய்த வேலையை உங்கள் கணக்கில் எழுதலாமா? நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து நன்றாக அலசினால் அந்த மேடு பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகு அசெட்டைலேற்றம் செய்து அதே இடத்தில் பீக் எழுந்தால், அது உங்களுடையது. அப்போதும் அது தனியாக வரக் கூடாது. அசெட்டைல் தொகுதியின் மற்றப் பீக்குகளான 1370, 1240 இரண்டும் கூடவே வளர வேண்டும். 3340-ஐ ஒட்டிய ஹைட்ராக்சில் பட்டை இளைக்க வேண்டும். நார் ஈரமாக இருந்தால் அந்தப் பட்டையை நம்பாதீர்கள். 1640-இல் தண்ணீர் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மாணவனாக இருந்தபோது பருத்தித் துணியில் இதையே நானும் செய்தேன். மழைக்காலம். சாம்பிளோடு கலக்கும் பொட்டாசியம் புரோமைடு உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் விளக்கின் சூட்டில் உலர்த்தி, அகேட் உரலில் அரைத்து, அழுத்தி எடுத்த வில்லை கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. 1710-இல் பீக்! ஓடிப்போய் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. துணியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "புளிச்ச வாடை வருது, கழுவிட்டு வா" என்றார். வெந்நீரில் நாலு முறை அலசி, உலர்த்தி, மறுபடி எடுத்தேன். பீக் இல்லை. துணியில் தங்கியிருந்த அசெட்டிக் அமிலத்தைத்தான் அத்தனை நேரம் எஸ்டர் என்று நம்பியிருந்தேன். அன்று அழுதேன். இன்றும் எந்தச் சாம்பிள் வந்தாலும் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன்.

என்எம்ஆர் இப்போது வேண்டாம். எத்தனை ஹைட்ராக்சில் மாறியது என்ற எண்ணிக்கைக்கு, காரத்தில் ஊறவைத்து டைட்ரேஷன் (மீதிக் காரத்தை அமிலத்தால் அளப்பது) செய்தாலே போதும். வெறும் நார், காரத்தில் ஊறிய நார், அசெட்டைலேற்றி நன்றாகக் கழுவிய நார், மூன்றையும் ஒரே மாதிரி உலர்த்தி, ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு அனுப்புங்கள். உட்கார்ந்து பார்க்கிறேன்.