சிவப்புத் தொப்பியும் கழுகு இறகும்

கேள்வி: நைஜீரியாவில் வேலை பார்க்கும் என் மகன், இக்போ ஊரில் ஒருவர் ‘ஓசோ’ பட்டம் வாங்கும் விழாவுக்குப் போனானாம். அது ராஜ பரம்பரையா? (தென்காசி வாசகி)

பதில்: இல்லையம்மா. இக்போ என்பவர்கள் தென்கிழக்கு நைஜீரியாவில் வாழும் ஓர் இனத்தார். ‘இக்போக்காரனுக்கு ராஜா கிடையாது’ என்பது அவர்கள் சொலவடையே. ஓசோ பெரும்பாலும் பிறப்பால் வருவதில்லை. சம்பாதித்து, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குக் கட்டணம் கட்டி, ஊருக்கு விருந்து வைத்து வாங்குவது. சிவப்புத் தொப்பி, கழுகு இறகு, கணுக்காலில் கயிறு. அதன்பின் பொய் பேசக்கூடாது, அதுதான் கஷ்டம்!

எண்பதுகளில் அந்தப் பக்கம் ஆக்கா ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கோலாக் கொட்டைதான். பெரியவர் ஒருவர் அதைக் கையிலேந்தி, முன்னோரை அழைத்து இக்போவிலேயே வேண்டுவார். கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாதாம்! நாலு பருப்பாகப் பிளந்தால் சந்தோஷம்: ஏக்கே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ என்று அவர்களுக்குச் சந்தை நாள் நாலு. கசப்பில் என் முகம் கோணும், பிள்ளைகள் சிரிக்கும்.

அவர்கள் பழமையைக் கேட்டால் இக்போ-உக்வூ என்ற ஊரைச் சொல்வேன். 1938இல் ஒருவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்ட, வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தன. பிறகு அகழ்ந்தார்கள், 9ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். அடுத்த முறை மகனிடம் ஒரு கோலா கொண்டுவரச் சொல்லுங்கள்.