மஃபினும் கலோரிக் கணக்கும்

கேள்வி: எடை குறைக்க நாளுக்கு 1,500 கலோரி என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். மாலையில் ஒரு மஃபின் சாப்பிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா, ஆனால் முதலில் தராசில் வைத்துப் பாருங்கள். பேக்கரியின் பெரிய மஃபின் 120 கிராம் இருந்தால் 400 கலோரியைத் தாண்டிவிடும். மாவிலும் சர்க்கரையிலும் கிராமுக்குச் சுமார் 4 கலோரி, எண்ணெயிலோ 9! ஆகவே நான் எண்ணெயைப் பாதியாகக் குறைத்து, நன்கு கனிந்த வாழைப்பழமும் தயிரும் சேர்த்து, கோதுமை மாவில் சிறியதாகச் சுடுகிறேன். சேர்த்த பொருள்களின் கலோரியைக் கூட்டி, மஃபின்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கு கிடைத்துவிடும். எனக்கு ஒன்றுக்குச் சுமார் 150 வருகிறது. நான்கு மணிக்குச் சர்க்கரையில்லாத தேநீருடன் உட்கார்ந்து, மெதுவாக, ரசித்துச் சாப்பிடுவேன். மீதியை அன்றே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.