கனிவாகப் பேசினால் ஏறி மிதித்துவிட மாட்டார்களா?

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கிறது என்று பைபிள் சொல்கிறதே, பேச்சுக்கு நிஜமாகவே அவ்வளவு வல்லமையா? எல்லோரிடமும் கனிவாகப் பேசினால் நம்மை ஏறி மிதித்துவிட மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வசனம் நீதிமொழிகள் 18:21. அதை வைத்துக்கொண்டு, வேண்டியதை வாயால் அறிக்கை செய்தால் கார், வீடு எல்லாம் வந்துவிடும் என்று சிலர் போதிக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அதே அதிகாரத்தை முழுசாக வாசித்துப் பாருங்கள்: கோள் சொல்கிறவனுடைய வார்த்தை உள்ளத்தில் தைப்பது, விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்வது, புண்பட்ட சகோதரனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது கோட்டையைப் பிடிப்பதைவிடக் கடினம் என்பது. எல்லாம் மனிதருக்கு மனிதர் பேசுகிற பேச்சுதான்.

அந்த வல்லமை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் எப்போதும் காட்டுகிற இடம் பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகம். 300 பேரோடு போய் எதிரிகளான மீதியானியரை முறியடித்த இஸ்ரவேல் தலைவன் கிதியோனிடம், இஸ்ரவேலின் இன்னொரு கோத்திரமான எப்பிராயீமர் சண்டைக்கு வருகிறார்கள், யுத்தத்துக்கு எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று. களைத்துப்போயிருக்கிற மனுஷன், இன்னும் எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கிறான், "உயிரைப் பணயம் வைத்தது நாங்கள்" என்று சொல்ல எல்லா உரிமையும் உண்டு. அவன் சொன்னதோ வேறு: மீதியானின் பிரபுக்களான ஓரேபும் சேபும் உங்கள் கையில்தானே சிக்கினார்கள், நீங்கள் செய்ததற்கு முன்னால் நான் செய்தது எம்மாத்திரம்? அவர்கள் கோபம் அங்கேயே ஆறிவிட்டது. இதில் முகஸ்துதி இல்லை, அந்தப் பிரபுக்களைப் பிடித்தது அவர்கள்தான், நடந்ததைத்தான் சொன்னான். (இதே கிதியோன் கொஞ்ச நேரத்தில் சுக்கோத் ஊராரிடம் மகா கடுமையாகப் பேசுகிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நாலே அதிகாரம் தள்ளி, 12-ஆம் அதிகாரத்தில், அதே எப்பிராயீமர் அதே குறையோடு பின்னாளைய இஸ்ரவேல் தலைவன் யெப்தாவிடம் வருகிறார்கள். இந்த முறை வீட்டோடு உன்னைக் கொளுத்திவிடுவோம் என்றே மிரட்டுகிறார்கள், ஆகவே தப்பு அவர்கள் மேல்தான் அதிகம். யெப்தா சொன்ன பதில், நான் கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை என்பது. அவன் பக்கத்து நியாயத்தை எடுத்து வைத்தான், ஆனால் எதிரில் நிற்பவனுடைய காயத்தைத் தொடுகிற ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அப்புறம் ஆள் திரட்டினான். எப்பிராயீமில் 42,000 பேர் விழுந்தார்கள், அதுவும் சொந்த ஜனங்கள் கையால். கனிவாகப் பேசியிருந்தால் நிச்சயம் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதை யாரும் முயன்றே பார்க்கவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

சரி, ஏறி மிதிப்பவர்களை என்ன செய்வது? கனிவு என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசு சும்மா இருக்கவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேராகக் கேட்டார் (யோவான் 18:23). திட்டும் இல்லை, பயமும் இல்லை. ஆபீஸில் மட்டம் தட்டுகிற மேலாளரிடமும், நாலு பேர் முன்னால் குத்திப் பேசுகிற உறவினரிடமும் இப்படிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணீரோடு பாடிவிட்டு, பைக்கை எடுக்கும்போதே பிள்ளையை "தண்டம்" என்று திட்டுகிற அப்பாக்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். கடவுளைத் துதிக்கிற அதே நாவால் அவருடைய சாயலில் படைக்கப்பட்டவர்களைச் சபிக்கிறோம், இது தகாது என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதினது இதைத்தான். பிள்ளைகள் மனம் உடைந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினதும் தகப்பன்மார்களிடம்தான். மார்க் குறைந்தால் ஏன் என்று கேளுங்கள், கண்டியுங்கள், தேவைப்பட்டால் போனை வாங்கி வையுங்கள், "நீ உருப்படவே மாட்டாய்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.